பார்த்துக்கொள்பவர்களும் கணக்கில் வரட்டும்: திருநெல்வேலி ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். இது மனு அல்ல. மனுவாக இருந்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு வந்து, வாசலில் பையைச் சோதிக்கக் கொடுத்து, வரிசையில் நின்று உங்கள் கையிலேயே தந்திருப்பேன். மனு ஒரு வீட்டுக்காகக் கேட்பது. நான் சொல்ல வந்தது முக்கூடல், பாப்பாக்குடி, வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் ஊர்களில் தெருவுக்கு ஒன்றிரண்டாவது இருக்கிற வீடுகளைப் பற்றி. அதனால்தான் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டை ஒரு மாதிரிக்காகச் சொல்கிறேன். என் தம்பிக்கு 24 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், அதோடு அறிவுவளர்ச்சிக் குறைபாடும் உண்டு. தானாக உட்கார முடியாது. பசித்தால் ஒரு சத்தம், வலித்தால் ஒரு சத்தம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா இல்லை. அம்மா முக்கூடலில் பீடி சுற்றுகிறார். நான் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒன்று கண்ணில் படுகிறது. அரசின் ஏடுகளில் தம்பி நன்றாகவே இருக்கிறான். தேசிய அடையாள அட்டை இருக்கிறது, மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, நகரப் பேருந்தில் அவனுக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை. அவனை எல்லா நேரமும் பார்த்துக்கொள்கிற அம்மா அந்த ஏடுகளில் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் வருகிறார். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் அவருக்குக் கிடைக்கிறது, மறைக்கவில்லை. அது அவர் குடும்பத் தலைவி என்பதற்காக. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அல்ல.

இந்த ஊர்களில் என் வயதுப் பெண்கள் பலர் பீடியை விட்டுவிட்டார்கள். திருநெல்வேலி ஜவுளிக்கடைகளுக்கும் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கும் வேன் ஏறிப் போகிறார்கள். பீடியில் கூலி குறைவு, உடம்பும் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடமுடியாமல் இருப்பவர்களில் யார் யார் என்று எங்கள் பக்கம் வந்து பாருங்கள். வயதானவர்கள் இருப்பார்கள், அடுத்தபடியாக, வீட்டில் எழுந்து நடக்க முடியாத ஒரு பிள்ளையை வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். வாசலைத் தாண்டாமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. நடுவில் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், புரட்டாவிட்டால் முதுகில் புண் வரும். சோற்றைக் குழையப் பிசைந்து புரையேறாமல் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். மற்றவர்கள் ஆயிரம் சுற்றுகிற நேரத்தில் இவர்கள் அறுநூறு சுற்றினால் பெரிது. அவசரத்தில் கட்டியது சரியில்லை என்று கடையில் கழித்துவிட்டால் அதுவும் இல்லை.

புகையிலைத் தூள் பறக்கிற அதே அறையில்தான் பிள்ளையும் படுத்திருக்கிறான். நெஞ்சுச் சளி வந்தால் அவனால் இருமித் துப்ப முடியாது. வேறு அறை இருக்கிற வீடுகளைப் பற்றி நான் பேசவில்லை.

இப்போது தொகைக்கு வருகிறேன், சுருக்கமாக. தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் என்ற நிலைக்கு வந்தது பெரிய விஷயம்தான், நன்றி. நாளுக்கு 66 ரூபாய் ஆகிறது. பெரியவர்களுக்கான டயப்பர் வாங்குகிற வீட்டில் அது மத்தியானத்தைத் தாண்டாது. இது அல்லாமல், வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு; அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். 2012 முதல் அதே 300. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, அதே மாதிரித் திட்டத்தில் மற்றவர்கள் பெறுவதைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2023-இல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனபோது வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சட்டம் சொன்ன குறைந்தபட்சம் எதுவோ அதுவே, ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. பக்கத்து ஆந்திராவில் 2024-இல் 6,000 ரூபாய் ஆக்கினார்கள். முழுக்கப் படுக்கையில் கிடப்பவருக்கு 15,000. இதையெல்லாம் உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரியும். தொகையைக் கூட்டுவது சென்னைக் கோட்டையிலும் டெல்லியிலும் நடக்க வேண்டிய காரியம், அங்கே கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். அதுவே நிறைய இருக்கிறது.

முதலாவது, பதினெட்டு வயது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த அன்று சட்டப்படி அவன் பெரியவன். அதுவரை அம்மா இயக்கிவந்த வங்கிக் கணக்கை அதற்குப் பிறகு அவனேதான் இயக்க வேண்டும். பேனாவைப் பிடிக்கத் தெரியாதவன், பணம் என்றால் என்னவென்றே அறியாதவன் எப்படி இயக்குவான்? ஒரு வங்கிக் கிளையில் எங்களிடம் நீதிமன்ற உத்தரவு கேட்டார்கள். உதவித்தொகை மாதாமாதம் கணக்கில் ஏறியது. எடுக்க முடியவில்லை. அவன் பெயரில் பணம் கிடக்க, அவனுக்கு மருந்து வாங்க அம்மா குழுக்கடன் எடுத்து வாரத் தவணை கட்டினார். வட்டியோடு.

நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்த நான்கு வகைப் பாதிப்பு உள்ளவர்களுக்காகவே வந்தது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. அதன் தலைவர் நீங்கள்தான். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால் அந்தக் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமித்துச் சான்று தரும். அந்தச் சான்றை ஏற்றுக் கணக்குத் தொடங்கவும் இயக்கவும் விடலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-இலேயே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இந்த வசதி இருக்கிறது, சான்றுக்கு இன்னாரை அணுகுங்கள் என்று ஒவ்வொரு கிளையிலும் வட்டார மொழியில், கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்றும் பின்னர் சொன்னது. நான் ஏறி இறங்கிய கிளைகளில் நகைக்கடன் விளம்பரம் கண்ணில் பட்டது. இது படவில்லை.

குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டங்களில் ஒன்றிரண்டையாவது கொக்கிரகுளத்தை விட்டு வெளியே நடத்துங்கள். அம்பாசமுத்திரத்தில் ஒன்று, வள்ளியூரில் ஒன்று. முன்கூட்டியே தேதி சொன்னால் ஆட்டோவுக்குச் சொல்லிவைப்பதும், அன்றைய கூலியை விடுவதா என்று முடிவெடுப்பதும் எங்களுக்கு எளிது. பள்ளிகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் பதினேழு வயதைத் தாண்டிய இத்தகைய பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பெற்றோரை நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். மாவட்டத்து வங்கிகளின் ஆலோசனைக் குழுவுக்கும் நீங்கள்தான் தலைவர். மேலாளர்கள் உங்கள் முன்னால் வந்து உட்காரும் ஒரு நாளில் அந்தச் சுற்றறிக்கையை ஒருமுறை வாசித்துவிட்டால் போதும், நீதிமன்ற உத்தரவு கேட்பது நின்றுவிடும்.

ஒரு சின்ன விஷயம், சிரிப்புத்தான் வருகிறது. பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பராமரிப்பில் இருப்பவரின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். விதி நல்லதுதான், சொத்துள்ள வீட்டுப் பிள்ளையை அது காப்பாற்றும். எங்கள் வீட்டில் தம்பியின் சொத்து ஒரு சக்கர நாற்காலி, ஒரு தண்ணீர் மெத்தை, ஒரு சேமிப்புக் கணக்கு. பட்டியலை நிரப்பும்போது படிவத்தில் மிச்சமிருந்த கோடுகளை என்ன செய்வதென்று அம்மா கேட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு அரைப் பக்கப் படிவம் ஒன்று அச்சடித்துக் கொடுத்தால் உங்கள் எழுத்தருக்கும் வேலை மிச்சம்.

இதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கு உதவும். நிராமயா வாராவாரம் ஆகிற பயிற்சிச் சிகிச்சைக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் உதவும். இரண்டும் வேண்டும். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் அடையாள அட்டைக்கான மதிப்பீட்டுக்கு வரும் வீடுகளுக்கு அங்கேயே, அன்றே இதைச் சொல்லி விண்ணப்பமும் நிரப்பிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது, பி.எஃப். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாருமே சொல்வதில்லை.

அரசு ஊழியரின் பிள்ளை வேலை செய்து பிழைக்க முடியாத அளவு பாதிக்கப்பட்டிருந்தால், பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பது பலருக்குத் தெரியும். பீடி சுற்றும் தாயின் பிள்ளைக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. பீடித் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்புநிதி உண்டு. அதோடு சேர்ந்தது 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டம். உறுப்பினர் இறந்துவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் வழக்கமாக 25 வயதோடு நின்றுவிடும். ஆனால் நிரந்தரமாக, முழுமையாக இயலாமையில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ வயது வரம்பு கிடையாது. உயிரோடு இருக்கும்வரை வரும். தொகை பெரிதல்ல, சுற்றிய பீடிக்கு ஏற்ற சிறிய தொகைதான். ஆனாலும் அம்மாவுக்குப் பிறகு அம்மாவின் உழைப்பிலிருந்து தம்பிக்கு மாதாமாதம் வரப்போகிற ஒரே பணம் அது.

அது வர வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடந்திருக்க வேண்டும். அம்மாவின் பெயரில் பாஸ், அதாவது பீடிக்கடையின் பாஸ் புத்தகம், இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரியின் பாஸில் சுற்றிக்கொடுத்துக் கூலியைப் பங்கு வைத்துக்கொள்கிற பெண்களுக்கு எதுவும் இல்லை. பாஸில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்; எங்கள் பக்கத்து இசக்கியம்மாள்களும் பேச்சியம்மாள்களும் ஏட்டுக்கு ஏடு ஒவ்வொரு எழுத்தில் இருப்பார்கள். குடும்ப விவரத்தில் பிள்ளையின் பெயரும் அவனுடைய இயலாமையும் பதிவாகியிருக்க வேண்டும். தாய் உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்ய ஒரு நாள் போதும். இறந்தபிறகு சரிசெய்வதற்குப் பேசத் தெரியாத பிள்ளையா போய் நிற்பான்?

பி.எஃப். அலுவலகம் மத்திய அரசுடையது, உங்களுக்குக் கீழ் வராது. ஆனால் அவர்கள் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டம்தோறும் முகாம் நடத்துகிறார்கள். ஆண்டில் இரண்டு முகாமை முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் நடத்தும்படி நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் மறுக்க மாட்டார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனையே இருக்கிறது. இடம் தேட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து ஒருவரும் அதே நாளில் அங்கே வந்து உட்கார்ந்தால், தாயின் பாஸும் பிள்ளையின் அடையாள அட்டையும் முதன்முறையாக ஒரே மேசையில் சந்திக்கும். பீடிக்கடை முதலாளிகள் உதவுவார்களா என்று கேட்பீர்கள். பாதிப் பேர் உதவுவார்கள். மீதிப் பேர் பாஸ் இல்லாமல் எத்தனை பேர் சுற்றுகிறார்கள் என்று வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுவார்கள். அந்தப் பயமும் நல்லதுதான்.

மூன்றாவது, வீட்டுக்கு வருவது. ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கேட்கிறீர்கள். உயிரோடு இல்லாதவர் பெயரில் பணம் போகக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டுப் போகிறார். அவர் தம்பியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகும்போது, அவன் இருக்கிறான் என்று இன்னொருவருக்குக் காட்ட அவனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏன் போக வேண்டும்? இலவச டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை: டிக்கெட் இல்லை, சரி. படிக்கட்டு இருக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள இளைஞனை அறுபதை நெருங்கும் தாய் அந்தப் படியில் தூக்கி ஏற்ற முடியாது. அதனால் இலவசப் பயணம் உள்ள வீடுகள்தான் ஆட்டோவுக்கு அதிகமாகச் செலவு செய்கின்றன.

இனி நான் கேட்க வந்த முக்கியமானது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அரசு வகுக்க வேண்டிய திட்டங்களின் வரிசையில் அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படியையும் வைத்திருக்கிறது. 38-ஆம் பிரிவு, அத்தகைய ஆதரவு தேவைப்படுபவரோ அவருக்காக இன்னொருவரோ விண்ணப்பிக்கலாம், மதிப்பீட்டு வாரியம் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். எங்கள் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு மதிப்பீடு நடந்து நான் பார்க்கவில்லை. பாதிப்பின் சதவீதத்தை அளக்கிறார்கள். தம்பிக்கு எத்தனை சதவீதம் என்று சான்றில் இருக்கிறது. அவனுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இன்னொரு மனிதர் தேவை என்று எந்தத் தாளிலும் இல்லை. அந்த மணி நேரத்தை அளந்து எழுதினால்தான் அம்மா இழந்த கூலி எவ்வளவு என்று அரசுக்குத் தெரியும்.

ஆகவே, இந்த மாவட்டத்தில் அதிக ஆதரவு தேவைப்படுவோர் யார் யார், அவர்களைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருடைய வயது என்ன, என்ன வேலை செய்கிறார், எதை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார், அவருக்கு அடுத்து யார் என்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். பெயர்களை வெளியிட வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் அரசுக்கு அனுப்புங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் எவை என்று ஏற்கெனவே தெரியும்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். அம்மாவுக்கு அடுத்து யார் என்று கேட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் என்னைக் காட்டுவார்கள். “அக்கா இருக்கிறாளே” என்பார்கள். நான் பார்த்துக்கொள்வேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா முதலில் சொன்னது நகைக்கணக்கை அல்ல, தம்பியைப் பற்றித்தான். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, கலந்துபேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பகலில் அவனை விட்டுவிட்டு நானும் அவர்களும் வேலைக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்று சொல்ல முடிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்.

இந்தச் சீமை இந்த விஷயத்தில் பின்தங்கிய சீமை அல்ல. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காதுகேளாத பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. ஆய்க்குடியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒருவர் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று சிறு குழந்தைகளின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி தருகிறது. 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது ஆய்க்குடி தென்காசியோடு போனது, நாங்கள் இங்கே நின்றோம். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் விழுதுகள் மையங்களும் இப்போது வருகின்றன. இவற்றில் பல குழந்தைகளை நோக்கியவை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் பதினெட்டைத் தாண்டி, பள்ளியும் முடிந்து, படுக்கையில் இருக்கும் ஓர் இளைஞனைக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பார்த்துக்கொள்ள முக்கூடலில் ஓர் இடம் இல்லை. பூட்டிக் கிடக்கிற சமுதாயக் கூடம் ஒன்று போதும். சாய்தளம், கழிப்பறை, இரண்டு கட்டில், பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள். அந்த இரண்டு பெண்களுக்கும் மகளிர் குழு வழியாகச் சம்பளம் கொடுக்கலாம். இந்த வேலையை இருபது வருடமாகச் செய்துவருகிற தாய்மார்களையே அதற்குத் தேர்ந்தெடுக்கலாம். செய்கிற வேலைக்கு அவர்கள் முதன்முறையாகக் கூலி வாங்குவார்கள்.

உள்ளூர்க் குழு அம்பாசமுத்திரத்தில் கூடும் நாளையும், முக்கூடல் முகாம் நடக்கும் நாளையும் முடிவு செய்தால் பத்திரிகைச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் பத்திரிகை வாங்குவதில்லை. ரேஷன் கடையிலும், பீடிக்கடையில் இலை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்திலும் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பி.எஃப். பாஸ், ஆதார், பிள்ளையின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலோடு வரச் சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் ஒரு தாயின் மகள்,
முக்கூடல்.